நாலு பைட் விலகல்

1996 மே மாதம் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்கு மீளும்வரை, மட்டக்களப்பின் மண்முனைத் துறையில் பாதைப் படகு ஏறி வாவியைக் கடந்து புலிகளின் பிடியிலிருந்த படுவான்கரைக்குப் போனவரிடம் "ஒன்பது மணிக்கு வாங்க" என்றால் எந்த ஒன்பது என்று அவர் கேட்டாக வேண்டியிருந்தது.

இயங்குதளத்தின் மூலநிரலைப் புதுப்பிக்கையில் ஹெடர் கோப்புகள் பழசும் புதுசுமாகக் கலந்தால் இதே கதிதான். எந்தத் தகவல் எத்தனை பைட், எங்கே தொடங்கும் என்று இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்கும் மற்ற நிரல்களுக்கும் பொதுவாகச் சொல்பவை அந்தக் கோப்புகள். 32 பிட் இன்டெல் கணினியில் நேரத்தைச் சுமக்கும் டைம்ஸ்பெக் என்ற தரவுக் கட்டமைப்பை எடுங்கள். செக்கனுக்கு 4 பைட், நனோசெக்கனுக்கு 4 பைட். செக்கனை 8 பைட் ஆக்கினால் மொத்தம் 12. பழைய ஹெடரோடு கொம்பைல் செய்த நிரல் ஐந்தாவது பைட்டில் நனோசெக்கனைத் தேடும். அங்கே இருப்பதோ செக்கனின் மேற்பாதி, வெறும் பூச்சியம். பிழைச்செய்தி வராது. கேர்னல் எழுதும் கடைசி 4 பைட், பக்கத்திலுள்ள வேறொரு தகவலை அழித்துவிடும். சத்தமில்லாத இந்தச் சேதம்தான் பொல்லாதது.

இதைக் கையாண்ட விதத்தில் நான் மலைத்து நிற்பது ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் 2013 ஓகஸ்டில் செய்த வேலையைப் பார்த்துத்தான். அதன் நிரலாளர் பிலிப் கெந்தர் செக்கனை எல்லா வகைக் கணினிகளிலும் 64 பிட் ஆக்கினார். நேரத்தைத் தொடும் கேர்னல் அழைப்புகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் புதிய எண்கள். அடிப்படை நூலகம் ஒவ்வொன்றுக்கும் புதிய பதிப்பெண். பழசும் புதுசும் தவறுதலாகக்கூடக் கைகோக்க முடியாது. வழமையான புதுப்பிப்பிலும் அதே ஒழுங்கு: புதிய கேர்னலை ஏற்றியபின் முதலில் ஹெடர்கள் தம் இடத்தில் அமரும், அப்புறம் நூலகங்கள், அதன் பிறகே நிரல்கள். யாரும் கைதட்டாத வேலை. ஆனால் இதைவிட அழகான வேலை கணினித்துறையில் அதிகமில்லை என்பேன்.

2014 மேயில் அந்த மாற்றம் ஓபன்பிஎஸ்டி 5.5 பதிப்பில் வெளிவந்தது. 32 பிட்டில் எண்ணும் செக்கன் 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரம் காலை 8.44க்கு நிரம்பிவிடும்; ஓபன்பிஎஸ்டிக்கு அந்தக் கவலை இல்லை. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளே, அந்த மாற்றத்தின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. ஒருமுறை வரிவரியாக வாசித்துப் பாருங்கள்.