டன்பாய்க் கோட்டை: வென்றார் நூலும் தோற்றார் நூலும்

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், பேரா தீபகற்பத்தில், பேர்ஹேவன் துறைமுகத்தை நோக்கியவாறு இடிந்த சுவர்கள் சில நிற்கின்றன. அவையே டன்பாய்க் கோட்டையின் எச்சம். ஓ சல்லிவன் பேரா என்னும் கேலிக் குலத்தார் அங்கிருந்து ஆட்சி புரிந்து, மீன்பிடிக்க வந்த அயல்நாட்டுக் கலங்களிடம் வரி தண்டினர். அக்கோட்டை 1602ஆம் ஆண்டு சூன் திங்களில் வீழ்ந்தது. அவ்வீழ்ச்சியை விரித்துரைக்கும் பழைய நூல்கள் இரண்டு. ஒன்று, 1633இல் இலண்டனில் வெளிவந்த ‘பக்காட்டா ஹைபர்னியா’. அமைதியுறுத்தப்பட்ட அயர்லாந்து என்பது அப்பெயரின் பொருள். கோட்டையை முற்றுகையிட்ட சர் ஜார்ஜ் கேரு விட்டுச்சென்ற ஏடுகளைக் கொண்டு தாமஸ் ஸ்டாஃபோர்டு வெளியிட்டது. மற்றொன்று, அக்குலத்திற் பிறந்து ஸ்பெயினில் வளர்ந்த பிலிப் ஓ சல்லிவன் 1621இல் லிசுபன் நகரில் இலத்தீன் மொழியில் வெளியிட்ட அயர்லாந்து வரலாறு.

வென்றவன் பொய்யுரைப்பான், தோற்றவன் மெய்யுரைப்பான் என்று எளிதில் முடிவு கட்டுவோர் உளர். இந்நூல்களை அருகருகே வைத்துப் படிப்பார்க்கு அம்முடிபு பொருந்தாமை புலனாகும்.

கோட்டையைக் காத்து நின்றோர் 143 பேர். அவர்தம் தலைவன் ரிச்சர்டு மக்கெயோகன். குலத்தலைவன் டோனல் காம் அப்போது கோட்டையில் இல்லை. எதிர்த்து வந்ததோ பீரங்கிகளோடு கூடிய பல்லாயிரவர் படை. உயிர்போகும் காயமுற்றுத் தரையிற் கிடந்த மக்கெயோகன், எரியும் மெழுகுவர்த்தியை ஏந்தித் தள்ளாடி எழுந்து வெடிமருந்துப் பீப்பாயை நோக்கி நடந்தான் என்றும், அவனை ஒருவன் கட்டிப்பிடித்துக்கொள்ள மற்றவர் கொன்றனர் என்றும் ஒரு செய்தி உண்டு. இதனைக் கூறுவது கேருவின் பக்கத்து நூலே. இத்துணை உறுதியான எதிர்ப்பு அந்நாட்டில் முன்பு கண்டதில்லை என்று ஒப்புக்கொள்வதும் அந்நூலே. பகைவன் வாயிலிருந்து வந்த இப்புகழைக் குலத்தான் பாடிய புகழினும் மிகுதியாக நம்பலாம். சரணடைந்தோரைத் தூக்கிலிட்டதையும் அந்நூல் மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய செயலாக அதனை அவர்கள் கருதவில்லை போலும்!

ஆயின் டர்சித் தீவைப் பற்றிய இடம் வேறு. அத்தீவு பிடிபட்டதை ஆங்கில நூல் சுருங்கச் சொல்லி அப்பால் நகர்கிறது. பெண்டிரும் குழந்தைகளும் வெட்டுண்டதையும், பிணைக்கப்பட்டுப் பாறை உச்சியிலிருந்து கடலில் தள்ளப்பட்டதையும் பிலிப்பின் நூல்தான் கூறுகிறது. அவருடைய தந்தை டெர்மட் அத்தீவுக்குரியவர். ஆகவே இங்கே பேசுவது உறவினரின் துயரம். அதனாலேயே அதனைத் தள்ளிவிடுதல் முறையன்று. வென்றவர் ஏட்டில் இடம்பெறாத சாவு, உறவினர் ஏட்டிலன்றி வேறெங்கே இடம்பெறும்?

பிலிப்பின் நூலிலும் குறை உண்டு. உரோம வரலாற்றாசிரியரின் வழக்கைப் பின்பற்றி, போர்முனையில் தலைவன் வாயில் நீண்ட சொற்பொழிவுகளை அவர் வைக்கிறார். பனியிலும் பசியிலும் நின்றோர் அங்ஙனம் பேசியிருப்பர் என்று கொள்ள இயலாது. ஸ்பெயின் மன்னனின் மனத்தைத் தம் நாட்டின்பால் திருப்பவேண்டும் என்ற நோக்கம் ஏடுதோறும் தெரிகிறது. தாய்மொழியாகிய கேலிக்கை விடுத்து இலத்தீனில் எழுதியதும் அதன்பொருட்டே எனலாம்.

குலத்தின் உட்பகையும் நினைவிற் கொள்ளத்தக்கது. கேலிக் வழக்கப்படி தலைமை மூத்த மகனுக்கே உரியதன்று. உறவினருள் தக்கவனைத் தேர்ந்தெடுப்பர். அங்ஙனம் தலைமை பெற்றிருந்தவன் டோனலின் சிற்றப்பன் ஓவன். டோனலோ 1587இல் ஆங்கில அரசிடம் சென்று, மூத்தவன் மகனுக்கே உரிமை என்னும் ஆங்கிலச் சட்டத்தைக் காட்டி வழக்காடி, 1593இல் டன்பாயைப் பெற்றான். ஆங்கிலச் சட்டத்தால் பெற்ற கோட்டையை ஆங்கிலப் பீரங்கிக்கு இழந்தான். ஓவனின் மகன் ஆங்கிலேயர் பக்கம் நின்றான். ‘ஆங்கிலேயர்–ஐரிஷார்’ என்று இரண்டே கட்சியாகப் பிரித்துக் கற்பிக்கும் பாடநூல்களில் இச்செய்தி காணப்படாமை வியப்பன்று.

1602 டிசம்பர் 31இல் டோனல் கிளென்காரிஃபிலிருந்து வடக்கே புறப்பட்டான். உடன் சென்றோர் ஏறத்தாழ 1,000 பேர். அவருள் படைவீரர் 400. ஷானன் ஆற்றைக் கடக்கக் குதிரைகளைக் கொன்று அவற்றின் தோலால் படகு கட்டினர். இரு வாரங்களுக்குப் பின் லீட்ரிமில் ஓ ரூர்க்கின் கோட்டையை அடைந்தோர் 35 பேரே என்கிறார் பிலிப்: வீரர் 18, பணியாளர் 16, பெண் ஒருத்தி. ஆயிரம் என்பது தோராயமான எண். முப்பத்தைந்தோ ஒருவர் ஒருவராக எண்ணிச் சொன்ன எண். அந்நடையில் உடன் வந்த டெர்மட் மகனுக்குக் கூறியதாகலாம். எஞ்சியோர் அனைவரும் மாண்டனர் என்று சிலர் எழுதுவது பிழை. சிதறியோரும் வழியில் தங்கியோரும் உளர். பின்னர் இருவர் மூவராக வந்து சேர்ந்தோரும் உளர். இதனைப் பிலிப்பே குறிப்பிடுகிறார்.

டோனல் 1618இல் மாட்ரிட் நகரில் கொலையுண்டான். அதற்கு மூன்றாண்டு கழித்தே பிலிப்பின் நூல் அச்சேறியது. அதில் எலிசபெத் காலப் பகுதியை மட்டும் மாத்யூ பர்ன் 1903இல் ஆங்கிலமாக்கினார். டன்பாய் வரலாற்றை அறிய அது போதும். முழு நூலையும் காண விழைவோர் இலத்தீன் மூலத்திற்கே செல்லவேண்டும்.