விடுபட்ட ஒரு வாக்கியம்

குற்றாலத்தில் சாரல் பொழியும் காலம். 2025 சூலையில் சோனி லிவ் தளத்தில் வெளியான ‘தி ஹன்ட்’ தொடரைத் தென்காசி இளைஞர் சிலருடன் பங்கு இல்லத்தில் அமர்ந்து பார்த்தோம். ராஜீவ் காந்தி கொலையாளிகளைச் சிறப்புப் புலனாய்வுக் குழு 90 நாள்கள் தேடிய வரலாற்றை நாகேஷ் குக்குனூர் ஏழு பகுதிகளாக இயக்கியிருக்கிறார்.

கைப்பேசி இல்லாத காலத்துத் துப்பறிதல் இது. 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் இறந்துகிடந்த புகைப்படக்காரரின் கேமராச் சுருளே முதல் வழியைக் காட்டியது. அக்கருவி தன்முன் நின்ற எவரையும் விட்டுவிடவில்லை.

இடையில் ஓர் இளைஞர் கேட்டார்: “இத்தனை உயிரைக் குடித்தவர்கள், சாமி, நாலு அடி கொடுத்தால்தான் என்ன?” இவ்வகைத் தொடர்களின் பெருங்குறை இக்கேள்வியில் வெளிப்படுகிறது. குற்றவாளி யாரென்பது பார்வையாளருக்கு முன்பே தெரியும். எனவே அடி அவருக்குக் குறுக்குவழியாகத் தோன்றுகிறது. விசாரணை அறையிலோ அந்த முன்னறிவு எவருக்கும் இல்லை.

காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நம் பொதுவான சான்றுச் சட்டம் ஏற்பதில்லை. 1987ஆம் ஆண்டின் தடா சட்டமோ, கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால் போதும் என்றது. 1998இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரை விடுவித்தது. பயங்கரவாதச் செயல் என்னும் தடா குற்றச்சாட்டு நிலைக்கவில்லை என்றும் கூறியது. ஆயினும் தடாவின்படி பெற்ற வாக்குமூலங்கள் சான்றாக நின்றன.

கைதானபோது 19 வயதினரான பேரறிவாளன் பேட்டரி வாங்கித் தந்ததாக ஒப்புக்கொண்டார். அது எதற்கென்று தமக்குத் தெரியாது என்றும் அவர் சொன்னார். அவ்வாக்கியத்தைத் தாம் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே 2013இல் வெளிப்படுத்தினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுதலை செய்தது. அது குற்றமற்றவர் என்ற தீர்ப்பன்று. ஆனால் இடையே 31 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஒப்புரவு அருட்சாதனத்தில் அமரும் நமக்கு இது உறுத்துகிறது. அங்கே எவரையும் வற்புறுத்த இயலாது. கேட்டதைக் கூட்டவோ குறைக்கவோ வெளியிடவோ நமக்கு உரிமையில்லை. உடலையும் மனத்தையும் வதைத்து மனித விருப்பை வளைப்பதை, 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டில் வன்மையாகக் கண்டித்தது. பொய்ச்சான்றை விலக்கும் கட்டளை சொல்லுக்கு மட்டுமன்று, மறைப்புக்கும் உரியது.

ஸ்ரீபெரும்புதூரில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு நீதி கிடைத்தே ஆகவேண்டும். உண்மையைக் குறைத்துப் பெறும் தண்டனை அவர்களுக்கும் நீதியாகாது. தொடர் 90 நாளில் முடிந்துவிடுகிறது. சட்டத்தின் மனச்சான்றுக்கோ சோதனை அதன்பின்னரே தொடங்கியது. நம்மிடம் கேட்ட இளைஞருக்கு இந்த விடுபட்ட வாக்கியத்தையே விடையாகச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை.