கொழுந்து தருபவரும் வாங்குபவரும்: இலங்கையின் தாழ்நாடும் நீலகிரியும்

பறித்த கொழுந்து காத்திருக்காது. சாக்கில் அடைத்து வைத்தால் சில மணி நேரத்தில் சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த இலையில் நல்ல தூள் வராது. மிளகு விவசாயி விலை ஏறட்டும் என்று மூட்டையைப் பரணில் போட்டு வைக்கலாம். தேயிலை விவசாயிக்கு அந்த வசதி இல்லை. அன்று பறித்ததை அன்று மாலைக்குள் யாராவது ஒரு தொழிற்சாலைக்குக் கொடுத்தாக வேண்டும். தொழிற்சாலைக்கும் இதே நெருக்கடி உண்டு. வாட்டும் தொட்டியில் இலை விழாத நாளிலும் கூலி, கடன் வட்டி, இயந்திரச் செலவு எதுவும் நிற்பதில்லை.

இருவருமே மற்றவர் இல்லாமல் ஒரு நாளும் பிழைக்க முடியாத தொழில் இது. சரக்கு தருபவரோடு நல்லுறவை எப்படி வளர்ப்பது என்ற கேள்விக்கு இதைவிடக் கடினமான சோதனைக் களம் அரிது. இலங்கையின் தாழ்நாட்டிலும் இந்தியாவின் நீலகிரியிலும் இந்த உறவு வெவ்வேறு வழிகளில் வளர்ந்திருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. உறவைத் தாங்குவது விலையின் உயரம் மட்டுமல்ல. அந்த விலை எப்படி வந்தது என்ற கணக்கு இரு தரப்பின் கண்ணுக்கும் தெரிவதுதான்.

விலை பிறக்கும் விதம்

இலங்கையின் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு சிறு தோட்டங்களிலிருந்து வருகிறது. பத்து ஏக்கருக்குக் குறைவான நிலம் அங்கே சிறு தோட்டம். தாழ்நாட்டின் இரத்தினபுரி, காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று வைத்திருப்பவர்கள் ஏராளம். இவர்களிடம் கொழுந்து வாங்கும் தொழிற்சாலை தன் விருப்பப்படி விலை சொல்ல முடியாது. தேயிலை விற்ற பணத்தில் 68 பங்கு கொழுந்து தந்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்பது விதி. 1957ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதற்குப் பின்னால் நிற்கிறது. தேயிலைச் சபையின் ஆணையாளர் அதைக் கண்காணிக்கிறார்.

கணக்கு எளிது. நூறு கிலோ கொழுந்தில் 21.5 கிலோ தேயிலை தேறும் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரு தொழிற்சாலையின் தேயிலை அந்த மாதம் கொழும்பு ஏலத்தில் சராசரியாகக் கிலோ 1,000 ரூபாய்க்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கொழுந்தின் பங்குக்கு 215 ரூபாய் வருகிறது. அதில் 68 விழுக்காடு, 146 ரூபாய் 20 சதம், கொழுந்து தந்தவருக்கு. ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. இதன் அடிப்படை அந்தத் தொழிற்சாலையே பெற்ற ஏலச் சராசரி. வட்டாரச் சராசரியைவிட அதிகம் பெற்ற தொழிற்சாலை அந்த உபரியை மட்டும் கொழுந்து தந்தவர்களோடு பாதிக்குப் பாதி பகிர வேண்டும். நல்ல இலை கொடுத்தால் நல்ல தூள் வரும், நல்ல தூள் வந்தால் தனக்கும் பங்கு வரும் என்பது விவசாயிக்குத் தெரிகிறது. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலம் வழியாகவே நாட்டின் தேயிலையில் மிகப் பெரும்பகுதி விற்கப்படுவதால் விற்ற விலையை மறைப்பதும் கடினம்.

நீலகிரியிலும் விதி இல்லாமல் இல்லை. இந்தியத் தேயிலை உற்பத்தியில் பாதிக்கும் மேல் இன்று சிறு விவசாயிகளுடையது. 2003ஆம் ஆண்டின் தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணை, விலையைப் பகிரும் சூத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தது. முதலில் விவசாயிக்கு 60, தொழிற்சாலைக்கு 40 என்று இருந்தது. பிறகு 65க்கு 35 ஆனது. குன்னூர் ஏலச் சராசரியைப் பார்த்து, தேயிலை வாரியம் மாவட்டம் முழுமைக்குமான பசுந்தேயிலை விலையை மாதந்தோறும் அறிவிக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழுவும் உண்டு.

தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நடப்பில் பெரிய இடைவெளி இருக்கிறது. நீலகிரியில் விவசாயி காண்பது ஒரு மாவட்டத்தின் சராசரியை. தன் இலை போன தொழிற்சாலை எவ்வளவுக்கு விற்றது என்பது அவருக்கு எட்டுவதில்லை. தேயிலையில் கணிசமான பகுதி ஏலத்துக்கு வெளியே நேரடியாகவும் விற்கப்படுவதால் அதைச் சரிபார்க்கும் வழியும் குறுகியது. அறிவித்த விலையைச் சில தொழிற்சாலைகள் தருவதில்லை என்ற குறை அங்கே ஓய்ந்ததே இல்லை. 2023 செப்டம்பரில் படுக சமூக விவசாயிகள் ஊர் ஊராக உண்ணாவிரதம் இருந்து கேட்டது கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு. விலை உயரட்டும் என்ற கோரிக்கைதான் அது. ஆனால் அதற்குள், சாகுபடிச் செலவு என்ன, விற்ற பணம் என்ன, எங்கள் பங்கு என்ன என்று யாராவது எங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும் என்ற ஆற்றாமையும் இருந்தது.

யார் யாரைத் தேடி வருகிறார்?

சட்டம் உறவுக்குத் தரை போடும். அதன்மேல் எழுவதைத் தீர்மானிப்பது யாருக்கு யார் அதிகம் தேவை என்பது.

தாழ்நாட்டில் தொழிற்சாலைகளின் கொள்திறன் கிடைக்கும் கொழுந்தைவிட அதிகம். அதனால் தொழிற்சாலைதான் விவசாயியைத் தேடி வருகிறது. ஒரே சந்தியில் இரண்டு மூன்று தொழிற்சாலைகளின் லாரிகள் கொழுந்து நிறுப்பதைக் காணலாம். மாத நடுவில் முற்பணம், உரம் கடனாக, பிள்ளைகளின் பள்ளித் தேவைக்கோ வீட்டுச் சாவுக்கோ கைமாற்று என்று தொழிற்சாலைகள் தருபவை பல. அடுத்த மாதக் கொழுந்துக் கணக்கில் அவை கழிந்துவிடும். வங்கியின் படி ஏறாத குடும்பங்களுக்குத் தொழிற்சாலையின் கணக்குப் புத்தகமே வங்கி. சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகாரசபையின் அலுவலர்கள் கவாத்து, மறுநடவு, மண் பரிசோதனை என்று தோட்டத்துக்கே வந்து சொல்லித் தருகிறார்கள். 1975ஆம் ஆண்டின் சட்டத்தால் பிறந்த அந்த அமைப்பு, கொழுந்து தருபவரின் திறனை வளர்ப்பது அரசின் வேலை என்று ஏற்றுக்கொண்டது.

இந்தப் போட்டிக்கு ஒரு விலையும் உண்டு. முற்றிய இலையைத் திருப்பி அனுப்பினால் விவசாயி நாளைக்கு அடுத்த லாரிக்குப் போய்விடுவார் என்ற பயத்தில், தொழிற்சாலை எதையும் வாங்கிக்கொள்கிறது. தரமான இலை குறைந்தது 60 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று தேயிலைச் சபை வலியுறுத்த வேண்டி வந்தது இதனால்தான். வாயைத் திறந்து குறை சொல்ல முடியாத உறவை நல்லுறவு என்று எப்படிச் சொல்வது? இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கொண்டுவந்தவருக்கும் கரட்டு இலை கொண்டுவந்தவருக்கும் ஒரே விலை கொடுப்பது, கவனமாகப் பறித்தவருக்குச் செய்யும் அநீதி.

நீலகிரியில் தராசு வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது. வரத்து பெருகும் மாதங்களில் தொழிற்சாலைகள் இவ்வளவுதான் எடுப்போம் என்று அளவு வைத்துவிடும். பறித்த இலையை வைத்துக்கொண்டு விவசாயி, தொழிற்சாலைக்காக இலை வாங்கும் ஏஜென்ட் பின்னால் அலைய வேண்டும். சாக்கு எடை, தண்ணீர், வண்டிச் செலவு என்று ஒவ்வொன்றுக்கும் கழிவு போடும்போது எதிர்த்துப் பேசும் தெம்பு அவருக்கு இருக்காது. இலை வரத்து குறைந்த மாதத்தில் அதே ஏஜென்ட் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார். பருவத்துக்குப் பருவம் மரியாதை மாறுகிற இடத்தில் நம்பிக்கை வேர்விடுவதில்லை.

கூட்டுறவு என்ற மூன்றாம் வழி

இலங்கை கற்றுக்கொள்ள வேண்டியதும் நீலகிரியில் இருக்கிறது. 1962இல் குந்தாவில் சிறு விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கினார்கள். 1965இல் இத்தகைய தொழிற்சாலைகளின் இணையமாக இன்ட்கோசர்வ் உருவானது. இலை தருபவரே தொழிற்சாலையின் பங்குதாரர் என்ற ஏற்பாடு இது. ரேஷன் கடைகளில் விற்கும் ‘ஊட்டி டீ’ இந்த இணையத்தின் சரக்குதான். விலை சரிந்த காலத்தில் அரசு தானே வாங்குபவராக நின்று சிறு விவசாயிக்குக் கை கொடுத்த வழி அது.

கூட்டுறவின் வலிமை உறுப்பினரின் குரலில் இருக்கிறது. பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று, எடையில் ஏன் இவ்வளவு கழிக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. தனியார் தொழிற்சாலைக்கு இலை போடுபவருக்கு அந்த மேடை இல்லை. அதே சமயம் கூட்டுறவின் பலவீனமும் உறுப்பினரிடம்தான் இருக்கிறது. தனியார் ஏஜென்ட் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடச் சொன்னால் நல்ல இலை அங்கே போகிறது. யாரும் எடுக்காத காலத்தில் மிச்ச இலை கூட்டுறவுக்கு வருகிறது. அப்படி வந்த இலையில் தூளின் தரம் குறைகிறது, ஏல விலை விழுகிறது, உறுப்பினருக்குக் கிடைக்கும் விலையும் விழுகிறது. சரக்கு தருபவருக்கும் உறவில் கடமை உண்டு. சிறியவர், ஏழை என்பதற்காக அந்தக் கடமையைப் பேசாமல் விடுவது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது.

கெட்ட காலத்தில் தெரியும் உறவு

2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. அந்த ஆண்டின் இறுதியில் தடை விலகினாலும் செடிகள் அதற்குள் வாடியிருந்தன. டாலர் தட்டுப்பாட்டில் உர விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு 25 கோடி கிலோவுக்குச் சரிந்தது. இலை பாதியான தோட்டத்துக்கு முற்பணம் கொடுப்பதா, நிறுத்துவதா என்று ஒவ்வொரு தொழிற்சாலையும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவுதான் உண்மையான ஒப்பந்தம். உரம் வாங்கக் கடன் கொடுத்த தொழிற்சாலைக்கு அது தர்மச் செலவல்ல, அடுத்த ஆண்டுக் கொழுந்துக்கான முதலீடு. நிறுத்திய தொழிற்சாலை அன்றைக்குப் பணத்தை மிச்சம் பிடித்திருக்கும், செடியை இழந்திருக்கும்.

இந்த இடத்தில் இலங்கையின் பெருந்தோட்டங்கள் உள்ள மலையகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாள்கூலிக்குப் பதிலாகத் தொழிலாளர் குடும்பத்துக்குச் சில ஆயிரம் செடிகளைப் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்ளும் முறையைப் பெருந்தோட்டக் கம்பனிகள் பரப்பி வருகின்றன. தொழிலாளி இனிக் கொழுந்து தரும் வியாபாரப் பங்காளி என்கிறார்கள். நல்ல எண்ணமாகவே இருக்கட்டும். ஆனால் நிலம் அவர் பெயரில் இல்லை. கொழுந்தைப் பெரும்பாலும் அதே கம்பனிக்குத்தான் கொடுக்க வேண்டும். உரத்தையும் மருந்தையும் கொடுத்து அதற்குக் கழிப்பதும் அதே கம்பனிதான். காலியிலுள்ள சிறு தோட்டக்காரர் எடையில் சந்தேகம் வந்தால் நாளைக்கு வேறு லாரியை மறிக்கலாம். மலையகத் தொழிலாளிக்கு அந்த லாரி வராது. விலகிப் போகும் உரிமை இல்லாதவரைப் பங்காளி என்று அழைப்பதில் உண்மை இல்லை. அவர்களுக்கு நிலத்தில் எழுத்துப்பூர்வமான நீண்டகால உரிமையும், 68 பங்குக் கணக்கும், விரும்பிய தொழிற்சாலைக்குக் கொடுக்கும் சுதந்திரமும் கிடைத்த பிறகே அந்தப் பெயர் பொருந்தும்.

இரு பக்கமும் செய்ய வேண்டியவை

நீலகிரிக்குத் தேவை மாவட்டச் சராசரியல்ல, தொழிற்சாலைவாரியான கணக்கு. எந்தத் தொழிற்சாலை என்ன சராசரிக்கு விற்றது, கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தது என்று மாதந்தோறும் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் தமிழில் ஒட்டினால் பாதிப் பூசல் அடங்கும். வரத்து பெருகும் மாதத்தில் எவ்வளவு எடுப்போம் என்பதைத் தொழிற்சாலைகள் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். இலங்கைக்குத் தேவை, நல்ல இலைக்குக் கூடுதல் விலை தரும் துணிவும், கொழுந்து தருபவர்கள் கூட்டாக உட்கார்ந்து தொழிற்சாலையைக் கேள்வி கேட்கும் மேடையும். எடை போடும் இடத்தில் இருவரும் பார்க்கும் தராசு, கையில் உடனே ரசீது, சொன்ன தேதியில் பணம், கழிவுக்குக் காரணம்: இந்த நான்கும் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விலக்கில்லாமல் வேண்டும்.

தேயிலையில் மட்டும் என்றில்லை. பால் சங்கத்தில் ஊற்றுபவர், கரும்பு ஆலைக்கு வெட்டி அனுப்புபவர், கடைக்கு அப்பளம் போடுபவர் என்று எல்லோருக்கும் இது பொருந்தும். சரக்கு வாங்கும் ஒவ்வொருவரும் தன்னிடம் விற்பவர் முன்னால் தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். முடியும் என்றால் அங்கே உறவு இருக்கிறது. முடியாது என்றால், விருந்தும் பண்டிகைப் பரிசும் எவ்வளவு கொடுத்தாலும் அந்த இடத்தில் இருப்பது கொள்முதல் மட்டுமே.