கேட்டதைச் சொல்லும் பட்டியல், கேட்காததைச் சொல்லும் பட்டியல்

2014 டிசம்பர் 15ஆம் தேதி டி'ஆஞ்சலோ என்ற அமெரிக்கப் பாடகரின் 'பிளாக் மெசையா' ஆல்பம் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆல்பத்தை அவர் தந்தது 2000ஆம் ஆண்டில். புதிய ஆல்பம் வருவதற்குள் பெரும்பாலான இசைப் பத்திரிகைகள் 'இந்த ஆண்டின் சிறந்த ஆல்பங்கள்' பட்டியலைப் போட்டு முடித்துவிட்டிருந்தன. நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழ் நடத்திவந்த விமர்சகர் வாக்கெடுப்பின் முடிவு மட்டும் ஜனவரியில் வருவது வழக்கம். 2014க்கான முதலிடம் அதில் 'பிளாக் மெசையா'வுக்கே போனது. முந்தைய ஆண்டு டிசம்பர் 13 அன்று பியான்சேயும் இப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் ஆல்பத்தை வெளியிட்டுப் பட்டியல்காரர்களைத் தவிக்க விட்டிருந்தார்.

ஆண்டு முடியுமுன்பே ஆண்டுக்குத் தீர்ப்பு எழுதும் இந்த அவசரத்தை எல்லோரும் கேலி செய்கிறோம். ஆனாலும் டிசம்பர் பிறந்தால் பட்டியலைத் தேடிப் படிக்கிறோம், நம்முடையதையும் எழுதி நண்பர்களுக்கு அனுப்புகிறோம். வெளிவரும் இசை அனைத்தையும் கேட்க ஒரு ஆயுள் போதாது. யாராவது சலித்துக் கொடுத்தால்தான் உண்டு. அப்படிச் சலித்துக் கொடுத்தவர்களின் எழுபது, எண்பது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் இரண்டு வகையினர் தெரிகிறார்கள். மக்கள் எதைக் கேட்டார்கள் என்று எண்ணியவர்கள் ஒரு வகை. எதைக் கேட்க வேண்டும் என்று கைகாட்டியவர்கள் இன்னொரு வகை. இரண்டுக்கும் பட்டியல் என்றே பெயர் இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்கிறோம். குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

எண்ணியவர்கள்

அமெரிக்காவின் 'பில்போர்டு' இதழ் நாடு தழுவிய இசைத்தட்டு விற்பனைப் பட்டியலை 1940 ஜூலையில் தொடங்கியது. அதன்பின் ஐம்பது ஆண்டுகள் அந்தக் கணக்கு பெரும்பாலும் கடைக்காரர்களின் வாய்ச்சொல்லை நம்பியே நடந்தது. இந்த வாரம் எது நன்றாகப் போகிறது என்று கடைகளைக் கேட்பார்கள்; கல்லாவில் இருப்பவர் நினைவில் இருந்து வரிசை சொல்வார். அவர் ராக் ரசிகராக இருந்தால் ராக் மேலே ஏறும். இசை நிறுவனத்தின் ஆள் வந்து நாலு தட்டு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனால் அதுவும் வேலை செய்யும்.

1991 மே மாதம் ஆல்பம் பட்டியலுக்கு 'சவுண்ட்ஸ்கேன்' முறை வந்தது. கடையில் பார்கோடு ஸ்கேன் ஆகும் ஒவ்வொரு முறையும் ஒரு எண் ஏறும். சில வாரங்களிலேயே கலிஃபோர்னியாவின் ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ. முதலிடத்துக்கு வந்தது. செப்டம்பரில் 'கன்ட்ரி' பாணிப் பாடகர் கார்த் புரூக்ஸின் ஆல்பம் நேராக முதலிடத்தில் நுழைந்தது. ராப்பும் கன்ட்ரியும் ஒரே இரவில் பிரபலமாகிவிடவில்லை. அதுவரை வாங்கியவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். எண் பொய் சொல்லாது என்பார்கள்; எண்ணுகிறவர் யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நம் பக்கம் இந்த வேலையை வானொலி செய்தது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் திரைப்பாடலுக்கு ஆகாசவாணியில் இடத்தைச் சுருக்கினார். விளம்பரதாரர்கள் கடல் தாண்டி ரேடியோ சிலோனுக்குப் போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' இந்திப் பாடல்களின் வாராந்தர வரிசையாகவும் ஆண்டிறுதி வரிசையாகவும் வளர்ந்தது. இசைத்தட்டு விற்பனையையும் ரேடியோ நேயர் மன்றங்களின் வாக்குகளையும் சேர்த்து வரிசை போட்டார்கள். ஆனால் மக்கள் காத்திருந்தது தொகுப்பாளர் அமீன் சயானியின் குரலுக்காக. முதலிடத்தை அவர் கடைசிவரை இழுத்துச் சொல்லும் விதம் வெறும் எண்ணிக்கையைக் கதையாக்கியது.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தமிழ்நாட்டுக்கு அதையே வேறு விதமாகச் செய்தது. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் குரல்கள் பாக் நீரிணையின் இந்தக் கரையிலும் வீட்டுக் குரல்கள் ஆயின. நேயர் விருப்பம் நிகழ்ச்சியில் பாட்டுக்கு முன்னால் ஊர் ஊராகப் பெயர்கள் வாசிக்கப்படும். அங்கே தரவரிசை கிடையாது. ஒரு பாட்டை யார் கேட்டார் என்பது மட்டும் தெரியும். முகம் தெரியாத ஒருவரின் விருப்பம் பெயரோடு வந்து நம் விருப்பமானது அந்த நிகழ்ச்சியில்தான்.

கைகாட்டியவர்கள்

'வில்லேஜ் வாய்ஸ்' வாக்கெடுப்பை வளர்த்தவர் விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ். 1971இல் ஒருமுறை நடந்து, 1974 முதல் ஆண்டுதோறும் நடந்த அதன் பெயர் 'பாஸ் அண்ட் ஜாப்'. ஜாஸ், பாப் என்ற இரண்டின் முதலெழுத்துகளையும் இடம் மாற்றிய குறும்பு. விதி எளிது. ஒவ்வொரு விமர்சகருக்கும் 100 புள்ளிகள். அவற்றை 10 ஆல்பங்களுக்குப் பகிர வேண்டும். ஒன்றுக்கு அதிகபட்சம் 30, குறைந்தபட்சம் 5.

இந்தச் சின்ன ஏற்பாட்டுக்குள் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. வெறும் வரிசை கேட்டால் ஒருவர் உயிரை விடும் ஆல்பத்துக்கும், பரவாயில்லை என்று நினைக்கும் ஆல்பத்துக்கும் ஓரிரு படிதான் வித்தியாசம். புள்ளிகளைக் குவிக்க விட்டால் பிடிவாதத்துக்கும் இடம் கிடைக்கிறது. அப்படியும் நூற்றுக்கணக்கானவர்களின் வாக்கைக் கூட்டும்போது, பலருக்கும் ஓரளவு பிடித்தது சிலருக்கு மிகவும் பிடித்ததை முந்திவிடும். அதனால் வாக்கெடுப்பின் முதல் பத்து இடங்களை எல்லோரும் முன்கூட்டியே ஊகிக்க முடிந்தது. தேர்ந்த வாசகர்கள் தேடிப் போனது தனித்தனி வாக்குச்சீட்டுகளை. தன் ரசனையோடு ஒத்துப்போகும் ஒரு விமர்சகரைப் பிடித்து, அவர் 25 புள்ளி கொடுத்த, வேறு யாரும் சீந்தாத ஆல்பத்தைக் கேட்பதே ஆதாயம்.

பி.பி.சி. ரேடியோ 1இல் 1967 முதல் 2004இல் இறக்கும்வரை ஒலிபரப்பிய ஜான் பீலின் அனுபவம் இன்னும் சுவையானது. 1976இல் அவர் நேயர்களின் வாக்கில் 'ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி' என்ற ஐம்பது பாட்டு வரிசையைத் தொடங்கினார். முதலில் எல்லாக் காலத்துப் பாட்டுக்கும் வாக்களிக்கலாம் என்று இருந்தது. ஆண்டுக்காண்டு அதே பழைய பாட்டுகளே திரும்பி வந்து உட்கார்ந்ததால், 1982 முதல் அந்தந்த ஆண்டின் பாட்டு மட்டுமே என்று மாற்றினார். பீலின் நிகழ்ச்சியில் ஜிம்பாப்வேயின் கிட்டார் இசையும் ஜமைக்காவின் ரெக்கேயும் ஹிப்ஹாப்பும் தாராளமாக ஒலித்தன. ஆண்டு முழுக்க அதையெல்லாம் கேட்ட அதே நேயர்கள் டிசம்பரில் வாக்களித்தபோதோ பெரும்பாலும் பிரிட்டனின் வெள்ளை இளைஞர்களின் கிட்டார் குழுக்களே வரிசையை நிறைத்தன. பீல் அதைப் பற்றி வெளிப்படையாகவே அலுத்துக்கொண்டார். நல்ல வழிகாட்டி இருந்தும், தலை எண்ணும்போது எல்லோரும் சந்திக்கிற இடம் குறுகியே போகிறது.

ஏன் குறுகுகிறது?

இதற்கு ஓர் ஆய்வுச் சான்று உண்டு. மாத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் 2006இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் 14,341 பேர். அவர்கள் முன்னால் வைக்கப்பட்டவை பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள். ஒரு பகுதியினருக்குப் பாட்டு மட்டுமே தெரியும். மற்றவர்களை எட்டு உலகங்களாகப் பிரித்து, தத்தம் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள்.

எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் பிரபலமான பாட்டு மேலும் பிரபலமானது. கீழே இருந்தது மேலும் கீழே போனது. அதைவிட வியப்பானது, ஒவ்வொரு உலகத்திலும் வென்ற பாட்டு ஒன்றாக இல்லை. மிக நல்ல பாட்டு அபூர்வமாகவே தோற்றது, மிக மோசமானது அபூர்வமாகவே வென்றது. இரண்டுக்கும் நடுவில் இருந்தவற்றின் தலையெழுத்தை, முதலில் வந்த சிலர் எதைத் தொட்டார்கள் என்பதே பெரிதும் தீர்மானித்தது. 'இத்தனை கோடி பார்வைகள்' என்று எழுதிய ஒவ்வொரு சுவரொட்டியையும் இந்த முடிவை மனதில் வைத்துப் படிக்கலாம்.

தமிழின் நிலை

நமக்குப் பாட்டு படத்தோடு வருகிறது. படத்தின் விளம்பரமே பாட்டின் விளம்பரம் என்பதால் அறிமுகம் செய்ய ஆள் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட இடத்தில் தெருமுனை ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. எண்பதுகளில் பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் 60 அல்லது 90 நிமிடக் காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்தின் கடைசியில் மூன்று நான்கு நிமிடம் மிஞ்சினால், நாம் கேட்காத ஒரு பாட்டைத் தன் இஷ்டத்துக்குப் போட்டு நிரப்பும் கடைக்காரர்கள் உண்டு. கைகாட்டும் பட்டியலின் மிகச் சிறிய வடிவம் அதுதான்: ஒரே ஒரு பாட்டு, கேட்டுத் தேர்ந்த ஒருவரின் கையிலிருந்து.

படத்துக்கு வெளியே இருந்த இசைக்கு இந்த வசதியும் இல்லை. இளையராஜாவே 1986இல் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தைத் தந்தபோது அதற்குக் கதாநாயகனும் இல்லை, திரையரங்கமும் இல்லை. அதைக் காதுக்குக் காது கடத்தியவர்கள் ரசிகர்கள். மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' 2006இல் வந்தபோது, தமிழில் ராப் என்றால் இதுதான் என்று கல்லூரி விடுதிகளில் கைமாற்றிக்கொண்டார்கள். 2021இல் பாடகி தீயும் ராப் கலைஞர் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' படமில்லாமலே உலகம் சுற்றியது. ஆனால் அப்படி ஒன்று வெடித்துக் கிளம்பும்போது அதன் கூடவே வெளிவந்த பத்து முயற்சிகள் பேச்சில்லாமல் போகின்றன.

இந்த இடத்தில் ஒரு ஆல்பத்தை நிதானமாகப் பார்க்கலாம். இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட பாடகி எம்.ஐ.ஏ.வின் முதல் ஆல்பம் 'அருளர்', அவருடைய தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கியது. 2005 'பாஸ் அண்ட் ஜாப்' வரிசையில் அதற்கு இரண்டாமிடம். தாயின் பெயரைத் தாங்கிய அடுத்த ஆல்பம் 'கலா'. அதை 2007ஆம் ஆண்டின் முதல் ஆல்பமாக 'ரோலிங் ஸ்டோன்' இதழ் தேர்ந்தெடுத்தது. அதன் சில பகுதிகளை அவர் சென்னையில் பதிவுசெய்தார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டிலும் முன்னால் நிற்பது உறுமி. ஒரு முகத்தைக் குச்சியால் தட்டி, மறுமுகத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த அடித்தொண்டை முனகல், லண்டன் நடன அரங்கின் எலக்ட்ரானிக் தாளத்துக்கு நடுவே கொஞ்சமும் கூசாமல் நிற்கிறது. கோயில் கொடையிலும் சாவு வீட்டிலும் உறுமியைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்த ஆல்பத்தை எடுத்துக் கொடுக்கத் தமிழில் ஒரு பட்டியல் இருந்திருக்க வேண்டும். நம் மேளம் அமெரிக்கப் பத்திரிகையின் வரிசையில் ஏறியது. நம் பேச்சில் ஏறவில்லை.

டிசம்பர் சீசனின் கர்நாடக இசை ரசிகரை மட்டும் இதில் குறை சொல்ல முடியாது. யார் எந்த ராகத்தை விஸ்தாரமாக எடுத்தார், எந்தக் கிருதி அபூர்வம் என்று கச்சேரிக்குக் கச்சேரி குறிப்பெழுதி, அடுத்த சபாவின் கேன்டீனில் சண்டை போடும் வழக்கம் அங்கே உயிரோடு இருக்கிறது. பெயர் சொல்லி, காரணம் சொல்லி, எதிராளி மறுக்க இடம் கொடுத்து நடக்கும் அந்தப் பேச்சு மற்ற இசைகளுக்கும் வேண்டும்.

இயந்திரத்தின் பட்டியல்

இப்போது சலித்துக் கொடுக்கும் வேலையைச் செயலிகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. இசைச் செயலியான ஸ்பாட்டிஃபை 2015இல் தொடங்கிய 'டிஸ்கவர் வீக்லி' திங்கள்தோறும் 30 பாட்டுகளை நம் கையில் வைக்கிறது. அதன் அடிப்படை ரகசியம் பெரிதல்ல. நமக்குப் பிடித்த பாட்டுகளைத் தம் பிளேலிஸ்ட்டில் வைத்திருக்கும் முகம் தெரியாதவர்கள் வேறு என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, நாம் கேட்காததை எடுத்துத் தருகிறது. மனிதர்களின் தேர்வுதான் அங்கேயும் மூலதனம். தேர்ந்தவரின் பெயர் மட்டும் உதிர்ந்துவிடுகிறது. கணிசமானவர்கள் ஏற்கெனவே கேட்டுவைத்திருந்தால்தான் ஒரு பாட்டு இந்த வழியில் அகப்படும் என்பது அதன் எல்லை. 2024 முதல் அதே நிறுவனம், 12 மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது என்றும் வைத்துவிட்டது.

2016 முதல் ஸ்பாட்டிஃபை தரும் 'ராப்டு' ஆண்டுக்கணக்கு இன்னும் வேடிக்கை. நாம் கேட்டதை நமக்கே வண்ண அட்டைகளில் எழுதித் தருகிறது. நாம் அதை ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். குழந்தையைத் தூங்கவைக்கப் போட்ட தாலாட்டும் அதில் முதலிடம் பிடிக்கலாம். எத்தனை நிமிடம் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது.

கைகாட்டியவர்களின் இடமோ சுருங்கிவருகிறது. 'வில்லேஜ் வாய்ஸ்' 2017இல் அச்சை நிறுத்தியது. பெரிய ஆல்பங்களுக்கு நிகராக அறிமுகமில்லாதவற்றுக்கும் நீண்ட விமர்சனம் எழுதிய இணைய இதழான 'பிட்ச்ஃபோர்க்' 2024 ஜனவரியில் ஆண்கள் இதழான 'ஜி.க்யூ.'வின் கீழ் சேர்க்கப்பட்டது. பலர் வேலை இழந்தார்கள்.

ஆகவே பட்டியல் போடும் பொறுப்பு கேட்பவர்களிடமே திரும்பி வந்திருக்கிறது. அதைச் சரியாகச் செய்யப் பெரிய ஞானம் தேவையில்லை. எல்லோரும் கேட்டுவிட்டதை விட்டுவிடலாம். அதைச் சொல்ல எண்கள் இருக்கின்றன. பத்து வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பாட்டில் தொடங்க வேண்டும், எதற்காக என்று இரண்டு வரி எழுதலாம். பாடியவரோடு உறுமி வாசித்தவர் பெயரும் தெரிந்தால் போடலாம். டிசம்பரில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சென்ற ஆண்டு தவறவிட்டு இந்த ஆண்டு கேட்டதற்கும் இடம் தரலாம். கடைசியாக, அனுப்புகிறவர் தன் பெயரைப் போட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் போய்ச் சண்டை போட ஓர் ஆள் வேண்டுமே.