பழைய பட்டம் போதுமா?

பெரிய பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று கடலில் சறுக்கிச் செல்லும் விளையாட்டுக்குக் ‘கைட் சர்ஃபிங்’ என்று பெயர். இதற்குரிய, காற்றடைத்த குழாய்களைக் கொண்ட பட்டத்துக்குப் பிரான்சு நாட்டின் லெகேன்யூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமை கோரினார்கள். இதைப் புதிதாகப் பழகுவோரிடம், “எப்படியும் அடிபடப் போகிறது, மலிவான பழைய பட்டமே போதும்” என்று சொல்வோர் உண்டு. சிக்கனம் நல்லதுதான், ஆனால் இந்த வாதம் இயற்பியலை மறந்துவிடுகிறது.

காற்றின் விசை, வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடும். வினாடிக்கு 6 மீட்டர் வேகக் காற்று 9 மீட்டராக வலுத்தால் வேகம் ஒன்றரை மடங்கு. இழுப்போ இரண்டேகால் மடங்கு! தவறாகத் திருப்பினால் பட்டம் பாயும்; அந்த வேகமும் இழுப்பைக் கூட்டும். அப்படித் திருப்புபவர் யார்? புதியவர்தானே!

2005ஐ ஒட்டி வந்த வில் வடிவப் பட்டங்களில், கைப்பிடியைத் தள்ளினால் பட்டம் காற்றோடு கொள்ளும் கோணம் குறைந்து, இழுப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். முந்தைய ‘சி’ வடிவப் பட்டங்களில் சிறிதளவே அடங்கும். ஆபத்தில் பட்டத்தை விடுவிக்கும் பூட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 21853 தரம் வெளிவந்ததே 2020இல்தான். இவற்றோடு, வெயிலின் புற ஊதாக் கதிர்கள் துணியை நலியச் செய்யும். மணல் கயிற்றைத் தேய்க்கும்.

பழையது எல்லாமே ஆகாது என்பதல்ல. பலகை பழையதாக இருக்கட்டும். பட்டமோ சில ஆண்டுகளே பயன்பட்டதாகவும், கயிறும் பூட்டும் சோதிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். தேர்ந்தவர் முரட்டுப் பட்டத்தையும் அடக்குவார். புதியவருக்குத் தானே அடங்கும் பட்டம் வேண்டும்.