கேட்கிறார்கள், பதில் சொல்வார்களா?

2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமான 129ஆவது அரசமைப்புத் திருத்த மசோதா, 39 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றக் கூட்டுக்குழுவிடம் அனுப்பப்பட்டது. மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் சேர்த்தே தேர்தல் நடத்த வகைசெய்யும், 'ஒரே நாடு, ஒரே தேர்தல்' எனப்படும் இந்த மசோதாவின்படி, சட்டமன்றம் இடையில் கலைந்தால் அடுத்துத் தேர்ந்தெடுக்கப்படும் சட்டமன்றத்துக்கு மிச்சக் காலம் மட்டுமே ஆயுள். இத்தகைய மாற்றத்தை அவைக் கூச்சலுக்கு வெளியே உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கத்தான் வேண்டும்.

குழுமுறையின் பலம் அந்த நிதானம். முன்னாள் தலைமை நீதிபதிகளைக் கூட அழைத்துக் கேள்வி கேட்க முடிகிறது. உடன்படாத உறுப்பினர் மாற்றுக் கருத்தை எழுத்தில் பதியலாம். ஊர்களின் அனுபவமும் அங்கே போய்ச் சேரலாம். உதாரணமாக, 1967இல் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் சேர்த்தே தேர்தல் நடந்தது. தென்சென்னையில் வென்ற அண்ணா முதல்வரானதும் மக்களவை இடத்தை விட்டுவிட, இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வென்றார். சேர்த்து நடத்தினாலும் இடைத்தேர்தல் ஓயாது என்பதற்கு மயிலாப்பூர், தி.நகர்வாசிகளே சாட்சி.

குறைகளும் சிறியவை அல்ல. மசோதாவைக் குழுவுக்கு அனுப்புவது கட்டாயமில்லை. 15ஆவது மக்களவையில் சுமார் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவதில் சுமார் 16 விழுக்காடுதான். 2020இல் குழுவையே பார்க்காமல் நிறைவேறிய வேளாண் சட்டங்கள், மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டன. குழுவுக்குப் போனாலும் கட்சிக் கணக்கு கூடவே வருகிறது. வக்பு மசோதாக் குழுவில் எதிர்க்கட்சிகள் கொடுத்த 44 திருத்தங்களும் தோற்றன. ஆளும் தரப்பின் 14 திருத்தங்கள் ஏற்கப்பட்டன.

பெரும்பான்மை வெல்வதைக்கூட அவை விதி என்று ஏற்கலாம். காரணம் சொல்லாமல் வெல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. வக்பு குழுவுக்கு 90 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. அடையாற்றிலிருந்து ஒரு நலச்சங்கம் இப்படி மனு அனுப்பினால், அதை யார் படித்தார்கள், ஏன் தள்ளினார்கள் என்று அதற்குத் தெரிய வழியில்லை.

இதைவிட நல்ல முன்மாதிரி நம்மிடமே உண்டு. மயிலாப்பூர் வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இடம்பெற்ற வரைவுக் குழு, 1948 பிப்ரவரியில் அரசமைப்பு வரைவை வெளியிட்டுக் கருத்துகளைப் பெற்றது. தான் ஏற்கவிருந்த திருத்தங்களைக் காட்டும் மறுபதிப்பை அக்டோபரில் கொண்டுவந்தது. எது மாறுகிறது என்பதை எவரும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

ஆகவே குழுக்களைக் கைவிடுவது தீர்வல்ல. அரசமைப்பைத் தொடும் மசோதாக்களைக் குழுவுக்கு அனுப்புவது கட்டாயமாகட்டும்; முக்கிய ஆட்சேபம் ஒவ்வொன்றுக்கும் அறிக்கையில் எழுத்துப்பூர்வமான பதில் இருக்கட்டும். அதுவரை, கருத்துக் கேட்பு பாதி வேலைதான்.