தோன்றா எழுவாய்

பள்ளிக்கூடத்து இலக்கண வகுப்பில் ‘தோன்றா எழுவாய்’ என்று ஒன்றைப் படித்திருப்போம். ‘வா’ என்று சொன்னால் அதற்குள் ‘நீ’ இருக்கிறது, வெளியே தெரிவதில்லை. தேர்வுக்காகப் படித்து மறந்துபோன அந்தப் பாடம், ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று நினைவுக்கு வந்தது.

2022 அக்டோபர் 20 அன்று குஜராத்தின் கேவடியாவில் ஒன்றிய அரசு ‘மிஷன் லைஃப்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் வாழ்வதற்குத் தனிமனிதர்கள் அன்றாடம் செய்யக்கூடியவை என்று 75 செயல்களை அது பட்டியலிட்டது. மின்சாரம், தண்ணீர், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக், உணவு, கழிவு, ஆரோக்கிய வாழ்வு, மின்னணுக் கழிவு என்று ஏழு தலைப்புகள். எல்லாம் எளியவை. துணிப்பை எடுத்துச் செல்லுங்கள். பிரஷர் குக்கரில் சமையுங்கள். காய்கறி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். மக்கும் குப்பையை, மக்காத குப்பையைப் பிரியுங்கள். வீட்டிலேயே உரம் தயாரியுங்கள். சிறுதானியம் சேருங்கள். ஏ.சி.யை 24 டிகிரியில் வையுங்கள். சிக்னலில் வண்டி எஞ்சினை அணையுங்கள்.

பென்சில் ஒன்றை எடுத்து ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எங்கள் வீட்டில் அதைச் செய்பவர் யார் என்று எழுதிப் பார்த்தேன். சிக்னலில் எஞ்சினை அணைப்பவர் என் கணவர். ஏ.சி. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர். துணிப்பைக்கு நான். குக்கருக்கு நான். காய் கழுவிய நீருக்கு நான், நான் இல்லாத நாளில் அம்மா. உரத்தொட்டிக்கு நான். சிறுதானியத்துக்கு நான்; கம்பை ஊறவைப்பதும், ‘இது வேண்டாம், சோறு போடு’ என்ற முகங்களைச் சமாளிப்பதும் சேர்த்து. மாதவிடாய்க் குப்பியைப் பயன்படுத்தச் சொல்லும் வரியில் மட்டும் எழுவாய் தானாகவே வெளியே வந்துவிட்டது. மற்ற வரிகளிலும் பெரும்பாலும் அவளேதான் இருக்கிறாள், கண்ணுக்குத் தெரியாமல்.

அந்தப் பட்டியலில் என்னை நிறுத்திய வரி பால் பாக்கெட்டைப் பற்றியது. பால், மோர் உறைகளை வெட்டும்போது முனையை முழுதாகத் துண்டித்துவிடாமல் பாதி மட்டும் வெட்டுங்கள், அந்தச் சின்னத் துணுக்கு மக்கும் குப்பையோடு கலந்துவிடும் என்கிறது. நியாயமான அறிவுரைதான். அந்தத் துணுக்கு உரத்தில் கிடந்து என் கண்ணிலேயே பட்டிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தபோது, பால் உறைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பாலை வேறு எப்படி வீடு வீடாகக் கொண்டுபோவது என்பது அரசுக்கும் நிறுவனங்களுக்கும் கடினமான கேள்வி. அதனால் விலக்கு. அந்தக் கடினத்தின் மிச்சம் ஒரு சென்டிமீட்டர் துணுக்காக விடிகாலை ஐந்தரை மணிக்கு, தூக்கம் கலையாத ஒரு பெண்ணின் கையில் வந்து நிற்கிறது. அவளுக்கு விலக்கு கிடையாது. பாதி வெட்டி, பாலை ஊற்றி, உறையை அலசி, காயவைத்து, பழைய பேப்பர்காரர் வரும்வரை சேர்த்து வைக்க வேண்டும்.

‘அரை நிமிட வேலைதானே’ என்று கேட்பார்கள். உண்மைதான், ஒவ்வொன்றும் அரை நிமிடம். அந்த அரை நிமிடங்கள் எதன் மேல் போய் ஏறுகின்றன என்று பார்ப்போம். ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டார்கள். 2024இல் மீண்டும் கணக்கெடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து ஆண்டுகளில் இருவருக்கும் வேலை நேரம் சற்றுக் குறைந்திருக்கிறது. இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடமாகியிருக்கிறது. ஒரே ஒரு நிமிடம்! பூமியைக் காக்கும் வேலை இந்த இடைவெளிக்கு உள்ளேதான் வந்து விழுகிறது. அதே அரசின் ஒரு கை இந்தக் கணக்கை எடுக்கிறது, இன்னொரு கை அந்தப் பட்டியலை எழுதுகிறது. இரண்டும் ஒன்றையொன்று வாசித்ததாகத் தெரியவில்லை.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், ‘பாட்டி காலத்தில் எல்லாம் இப்படித்தானே வாழ்ந்தோம்’ என்பது. என் பாட்டி வீட்டில் எதுவும் வீணாகாது. அரிசி களைந்த நீர் கழுநீர்ப் பானைக்கும், அங்கிருந்து மாட்டுக்கும் போகும். சாம்பல் பாத்திரம் துலக்கும். கிழிந்த சேலை முதலில் தொட்டிலாகும், பிறகு கரித்துணியாகும். மாதவிலக்குத் துணியாவதும் அதே சேலைதான். இன்று நாம் வியக்கும் வாழ்க்கைமுறை இதுதான். ஆனால் பாட்டி அந்தத் துணியை யாரும் எழுமுன் துவைத்து, வேறு துணிக்கு அடியில், வெயில் படாத இடத்தில் காயப் போட்டாள். விறகுப் புகையில் இருமிக்கொண்டே சமைத்தாள். அவளுடைய சிக்கனம் அவள் தேர்ந்தெடுத்த கொள்கையாக இருக்கவில்லை. செலவழிக்கக் காசு அவள் கையில் இருந்ததே இல்லை. தாத்தா புது வேட்டி வாங்கினார், பாட்டி பழைய சேலையை ஒட்டுப்போட்டாள். வீட்டின் பின்வாசலுக்கு அப்பால் கழிப்பிடத்தைச் சுத்தம் செய்தவர்கள் எந்தச் சாதி என்பதையும் அந்த நினைவுகளில் யாரும் சொல்வதில்லை.

பெண்ணியச் சிந்தனையில் இது பழைய விவாதம். மரியா மீஸும் வந்தனா சிவாவும் இணைந்து எழுதிய ‘எக்கோஃபெமினிசம்’ 1993இல் வந்தது. இயற்கை மீதான சுரண்டலையும் பெண் மீதான சுரண்டலையும் ஒரே வேரிலிருந்து பார்க்க நமக்குக் கற்றுத்தந்த மரபு அது. அதற்கு முந்தைய ஆண்டே பீனா அகர்வால் அந்த மரபை நோக்கி ஒரு கட்டுரையில் கறாரான கேள்வியை வைத்தார். பெண்கள் எல்லாரையும் ஒரே வகையாகப் பார்க்க முடியாது. இயற்கையோடு அவர்களுக்குள்ள உறவு அவர்களுடைய வேலை, சொத்து, வர்க்கம், சாதி ஆகியவற்றால் உருவாவது என்றார். விறகு பொறுக்கப் போகும் பெண்ணுக்குக் காடு அழிவது முதலில் தெரிகிறது, ஏனென்றால் விறகு பொறுக்கும் வேலை அவள் தலையில் இருக்கிறது. ‘பெண் இயல்பாகவே இயற்கையைக் காப்பவள்’ என்ற புகழ்ச்சியை நாம் ஏற்றுக்கொண்டால், உரத்தொட்டியைக் கிளறும் வேலையும் இயல்பாகவே நமக்கு வந்துசேரும்.

இவ்வளவையும் யோசித்து முடித்தபோது எனக்குக் கோபம் வந்தது. சென்ற ஆண்டு ஒரு மாதம் குப்பை பிரிப்பதை நிறுத்தினேன். எல்லாம் ஒரே பையில். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அதுவே ஒரு பதில்தான். கவனித்தவர் ஒருவர் மட்டும், காலையில் பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரான அக்கா. மூன்றாம் வாரம் என்னைப் பார்த்து, “ஏம்மா, முன்னாடி பிரிச்சுதானே குடுப்பீங்க? இப்போ நான்தானே தெருமுனைல உக்காந்து பிரிக்கிறேன்” என்றார். அவருடைய கையுறையில் இரண்டு விரல்கள் கிழிந்திருந்தன.

என் போராட்டம் யார் மேல் போய் இறங்கியது என்பது அப்போதுதான் உறைத்தது. நான் கைவிட்ட வேலை மறைந்துவிடவில்லை. என் கணவரிடமும் போகவில்லை, மாநகராட்சி அலுவலகத்துக்கும் போகவில்லை. என்னைவிடக் குறைந்த சம்பளத்தில், என்னைவிடக் கீழே வைக்கப்பட்ட சாதியில் பிறந்த இன்னொரு பெண்ணின் மடியில் போய் விழுந்தது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால், தங்கள் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதீர்கள் என்று 13 நாட்கள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களில் பெண்கள் ஏராளம். நள்ளிரவில் அவர்களைக் காவல்துறை அப்புறப்படுத்திய காட்சியை நான் தொலைபேசியில் பார்த்தேன். வருத்தப்பட்டேன். எங்கள் வீட்டுப் பையை அவர்களில் ஒருத்தி பிரிப்பாள் என்று அந்த இரவில் எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே, ‘இது பெண்கள் மேல் சுமத்தப்படும் வேலை, செய்ய மாட்டோம்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ள நம்மால் முடியாது. குப்பையைப் பிரிப்பது தேவையான வேலை. அதைத் தேவையான வேலை என்று ஒப்புக்கொண்டால், அதற்கு நேரம் வேண்டும், ஆள் வேண்டும், பொறுப்பு வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘எளிய வழி’ என்ற சொல் இந்த மூன்றையும் மறைக்கிறது. அதனால்தான் அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை.

இனி இப்படி ஒரு பட்டியல் உங்கள் கைக்கு வந்தால், கல்லூரியில் உறுதிமொழியாகக் கொடுத்தாலும் சரி, குடியிருப்போர் சங்கத்தில் ஒட்டினாலும் சரி, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு பெயரை எழுதிப் பாருங்கள். அந்த வேலை எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். உங்கள் பெயரே மூன்று முறைக்கு மேல் வந்தால் அந்தப் பட்டியலை மற்றவர்கள் முன்னால் வையுங்கள். ஏ.சி.க்கும் காருக்கும் ஆகும் ஆற்றலோடு காய் கழுவிய நீரை ஒரே தராசில் வைக்கிறார்களா என்று கேளுங்கள். எந்த வரியில் வீட்டின் பெயருக்குப் பதிலாகப் பால் நிறுவனத்தின் பெயரும் மாநகராட்சியின் பெயரும் இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். உறையைத் திரும்ப வாங்குவது யார் பொறுப்பு? பேட்டையிலேயே உரக்கிடங்கு ஏன் ஒழுங்காக இயங்கவில்லை? கிழியாத கையுறை ஏன் இல்லை? இவையும் நிலைத்த வாழ்வைப் பற்றிய கேள்விகள்தான், அடுப்படிக்கு வெளியே கேட்க வேண்டியவை.

எங்கள் வீட்டுப் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தேன். இரண்டு நாள் கழித்து, பால் உறையை அலசிக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை நடுவில் நின்ற என் கணவர், “இத எங்க காயப் போடணும்?” என்று கேட்டார். பதினான்கு ஆண்டுகளாக அது ஜன்னல் கம்பியில்தான் காய்கிறது. நான் சொல்லவில்லை. கொஞ்சம் தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.